ஜே.சி. ரோடிலிருந்து தொப்பூர்க் கணவாய் வரை

பெங்களூரில் நம்மவர் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று அறிய விரும்புவோர், பொங்கலுக்கு முந்திய நாள் மாலையில் ஓசூர் சாலையோரம் சற்று நேரம் நின்றாற் போதும். கூரைமேல் கட்டிய பெட்டியும், பின்னிருக்கையில் தலையணையும், சன்னலில் ஒட்டிய குழந்தை முகங்களுமாகக் கார்கள் தெற்கு நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்போரும், கணிப்பொறி வேலைக்காக நேற்று வந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கியோரும் அந்த ஒரே சாலையில்தான் ஊர் திரும்புகின்றனர். பண்டிகை நாளில் ரயிலிலும் பேருந்திலும் இடம் கிடைப்பது அரிது. ஆகவே நடுத்தரக் குடும்பத்துக்கும் ஒரு கார் தேவையாகிவிட்டது. வார நாள்களில் அது கடைக்கும் பள்ளிக்கும் போய் வரும். ஊரில் நல்லதோ கெட்டதோ நிகழும்போதுதான் அதன் உண்மையான பணி தொடங்குகிறது.

அந்தப் பணியில் எங்கள் கார் ஒரு முறை தவறியது. தவறு எங்களுடையதே என்று சொல்லவும், அதன்பின் நாங்கள் கற்றவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவுமே இதனை எழுதுகிறோம்.

மாசி மாதத்து விடியல்

மூன்று ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, பெரியப்பா காலமானார் என்று கரூரை அடுத்த எங்கள் ஊரிலிருந்து செய்தி வந்தது. மாலை மூன்று மணிக்கு எடுத்துவிடுவார்கள் என்றார்கள். ஏறக்குறைய 300 கிலோமீட்டர் பயணம். ஆறு மணிக்குப் புறப்பட்டால் நண்பகலில் போய்ச் சேரலாம்; முகம் பார்த்துவிடலாம். குழந்தைகளை எழுப்பி, மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற ஒலி மட்டும் வந்தது. மூன்று வாரமாக வண்டியைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டாரின் காரிலிருந்து மின்சாரம் கடன் வாங்கிக் கிளப்புவதற்குள் ஒன்றரை மணி நேரம் போயிற்று.

சில்க் போர்டு சந்திப்பில் வழக்கமான நெரிசல். அங்கே வெப்பமானியின் முள் மேலே ஏறியது. வண்டி நகர்ந்ததும் இறங்கியது. இறங்கிவிட்டதே என்று ஆறுதல் அடைந்தோம். கார் எங்களுக்குத் தந்த முதல் எச்சரிக்கை அதுதான். சூளகிரியைக் கடந்ததும் முள் மீண்டும் ஏறிச் சிவப்பைத் தொட்டது. முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி எழுந்தது. சாலையோரம் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறக்கத் துணியைச் சுற்றிக் கையை நீட்டினோம்.

"மூடியைத் தொடாதீங்கண்ணே! மூஞ்சி வெந்துபோயிடும்!"

பின்னால் லாரியை நிறுத்திவிட்டு ஓடிவந்தவர் சங்ககிரியைச் சேர்ந்த ஓட்டுநர். அவர் குரல் ஒரு கணம் தாழ்ந்து வந்திருந்தால், எங்களுள் ஒருவர் மருத்துவமனைக்குப் போயிருப்போம். அவரே கயிறு கட்டிக் கிருஷ்ணகிரி வரை இழுத்துவந்து ஒரு மெக்கானிக்கிடம் சேர்த்தார்; பணம் வாங்க மறுத்துவிட்டார்.

மெக்கானிக் கண்டுபிடித்த குறை இதுதான். ரேடியேட்டருக்குப் பின்னுள்ள மின்விசிறி சுழலவில்லை. அதற்கு மின்சாரம் விடும் ரிலே என்னும் சிறு பெட்டி கருகியிருந்தது. நெரிசலில் நின்றபோது நீர் கொதித்து வழிந்து குறைந்துவிட்டது. போதாததற்கு, ஒரு மாதத்துக்கு முன் வண்டியை விட்டிருந்த பணிமனையில் கூலன்டுக்குப் பதிலாக வெறும் குழாய்நீரை ஊற்றியிருந்தார்கள். நாங்களும் கேட்டுப் பார்க்கவில்லை.

தீப்பெட்டியளவுகூட இல்லாத அந்த ரிலேயை மாற்றிவிட்டு நாங்கள் ஊர் சேர்ந்தபோது மணி ஐந்தரை. வாசலில் நீர் தெளித்து விட்டிருந்தார்கள். பெரியம்மா ஒரு சொல்லும் குறை கூறவில்லை. "வழியில சாப்பிட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

ஜே.சி. ரோடு

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். 1951இல் மைக்கோ என்ற பெயரில் தொடங்கி, 2008இல் பாஷ் என்று பெயர் மாறிய ஆலையின் ஆடுகோடித் தொழிற்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நடந்ததைக் கேட்டு அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "சனிக்கிழமை காலையில கிளம்புங்க தம்பி, ஜே.சி. ரோடு போயிட்டு வருவோம்" என்றார்.

மைசூரின் கடைசி மன்னர் ஜெயசாமராஜேந்திர உடையாரின் பெயரைத் தாங்கிய அந்தச் சாலை, டவுன் ஹாலில் தொடங்கி மினர்வா வட்டம் வரை செல்கிறது. தொடக்கத்திலேயே ரவீந்திர கலாக்ஷேத்திரம். நாடகமும் நாட்டியமும் நடக்கும் அந்த அரங்கைத் தாண்டிச் சற்று நடந்தால், காரைப் பிரித்துப் பிரித்துக் கடை வைத்தாற்போன்ற காட்சி. ஒரு கடையில் கண்ணாடி, அடுத்ததில் ஹாரன், அதற்கடுத்து இருக்கை உறை, பேரிங், பிரேக் பேட், விளக்கு. கன்னடத்தில் விலை கேட்டு, உருதுவில் பேரம் பேசி, தமிழில் சிரித்து விடைபெறும் வாடிக்கையாளர்களை அங்கே காணலாம். உதிரிப் பாகத்தின் எண்ணை வண்டியின் பழைய பாகத்தோடு ஒப்பிட்டு வாங்கவேண்டும் என்பதும், பில் இல்லாமல் எதையும் வாங்கலாகாது என்பதும் பெரியவர் முதலில் கற்பித்த பாடங்கள். போலிப் பெட்டிக்குள் போலிச் சரக்கு இருப்பது வெளியே தெரியாது.

கடை கடையாக நிறுத்தி அவர் சொன்னவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

பேட்டரி: நல்ல நிலையில் ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டவேண்டும். 12க்குக் கீழே போனால் அது ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது என்று பொருள். இயந்திரம் ஓடும்போது 14ஐ ஒட்டி இருக்கவேண்டும். இல்லையெனில் குறை பேட்டரியில் இல்லாமல், அதற்கு மின்னூட்டும் ஆல்டர்னேட்டரில் இருக்கக்கூடும். முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் பொடியைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைக்கவேண்டும். கழற்றும்போது மைனஸ் கம்பியை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாளவேண்டும். பிற காரிலிருந்து மின்சாரம் வாங்குகையில், சிவப்புக் கம்பி இரு பேட்டரிகளின் பிளஸ் முனைகளை இணைக்கும். கருப்புக் கம்பியின் ஒரு நுனி நல்ல பேட்டரியின் மைனஸிலும், மறுநுனி நம் இயந்திரத்தின் பூச்சில்லாத இரும்பிலும் இருக்கவேண்டும். வாரம் ஒரு முறை அரை மணி நேரம் வண்டியை ஓட்டிவந்தால் இந்தக் கடன் பெரும்பாலும் தேவைப்படாது.

குளிர்விப்பு: பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைக் காப்பதாலும், கூலன்ட் கலந்திருப்பதாலுமே அது அதைவிட உயர்ந்த சூட்டையும் தாங்குகிறது. மூடியின் ரப்பர் தேய்ந்தாலும், வெறும் நீரை ஊற்றினாலும் அந்தக் காப்புக் குறைந்துவிடும். வெறும் நீர் உள்ளே துருவையும் வளர்க்கும். நெரிசலில் மட்டும் முள் ஏறி, ஓட்டத்தில் இறங்கினால் மின்விசிறியைச் சந்தேகிக்கவேண்டும். நல்ல ஓட்டத்திலும் மேட்டிலும் ஏறினால் நீர்க்குறைவு, அடைப்பு, தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். எங்களுக்குச் சில்க் போர்டு சொன்னது முதல் செய்தி. அதைப் படிக்க அன்று நாங்கள் அறிந்திருக்கவில்லை. முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதும் திறந்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி இயந்திரத்தை அணைக்கவேண்டும். நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடலாகாது. காய்ந்த இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கூடாது, உலோகம் விரிசல் காணும்.

டயர்: காற்றழுத்தத்தைப் புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்கவேண்டும். எவ்வளவு என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் அதன் பிறந்த நாளைச் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கவேண்டும். வேல்ஸ் நாட்டு லனெல்லி என்னும் ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904இல் தோன்றிய மாற்றுச் சக்கரம், அந்தத் தெருவின் பெயரையே நம் நாட்டு மெக்கானிக்குகளின் நாவில் விட்டுச்சென்றது. "பேரு மட்டும் நமக்கு வந்துடுச்சு. காத்து இருக்கான்னு பார்க்கிற பழக்கம் வரல. ஆயுத பூசைக்கு எலுமிச்சம்பழம் நசுக்குற அன்னைக்காவது பாருங்க தம்பி" என்று பெரியவர் சிரித்தார்.

பிரேக் ஆயில்: இது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 4 வகைப் புதிய ஆயில் 230 டிகிரிக்குக் குறைந்து கொதிக்காது. ஈரம் குடித்துப் பழையதானால் 155 டிகிரியளவிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகி, மிதி வெறுமையாகக் கீழே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

இஞ்சின் ஆயிலைச் சமதரையில், இயந்திரம் நின்று சில நிமிடம் கழித்து, கம்பியை உருவித் துடைத்துப் பார்க்கவேண்டும். முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்தவும், மஞ்சள் எரிந்தால் விரைவில் காட்டவும் கற்றுக்கொண்டால், கார் நம்மோடு பேசும் மொழியில் பாதி விளங்கிவிடும்.

அம்பாசடர் ஓடிய காலத்தில் தண்ணீர்க் குடுவையும் மாற்று விசிறி பெல்ட்டும் இல்லாமல் எவரும் ஊருக்குப் புறப்பட்டதில்லை. அடிக்கடி நின்றதனாலேயே அந்தக் கார் தன் உடையவருக்குப் பாடம் நடத்தியது. இன்றைய கார் எளிதில் நிற்பதில்லை. ஆகவே அதனைத் திறந்து பார்க்கவே மறந்துவிட்டோம்.

மீண்டும் அதே சாலை

சென்ற பொங்கலுக்கு அதே காரில் புறப்பட்டோம். முந்திய ஞாயிறு அன்றே முன்மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மூத்த மகள் காற்றழுத்தத்தைக் குறித்தாள், இளையவன் விளக்குகளை எண்ணினான்.

சில்க் போர்டில் அரை மணி நேரம் நின்றோம். முள் நடுவிலேயே இருந்தது. மின்விசிறி ஓடி நிற்கும் ஒலி கேட்டது. அத்திப்பள்ளியைக் கடந்து, லாரிகளும் இருசக்கர வாகனங்களும் பிறக்கும் ஓசூரைத் தாண்டினோம். பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையில் பிறந்த தென்பெண்ணை, நம்மைப்போலவே ஓசூர்ப் பக்கமாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, காவேரிப்பட்டணத்தருகே நெடுஞ்சாலையைச் சந்திக்கிறது. கிருஷ்ணகிரி வரும்போதே காற்றில் வெப்பம் ஏறிவிடும். மேட்டு நிலம் நம்மைக் கீழே இறக்கிவிடுகிறது.

தருமபுரிக்கு அப்பால் தொப்பூர்க் கணவாய். சேலம் நோக்கிச் செல்வோருக்கு அது வளைந்து வளைந்து இறங்கும் சாலை. எத்தனையோ விபத்துகளைக் கண்ட இடம். எரிபொருள் மிச்சம் என்று எண்ணி நியூட்ரலில் விடுவோரும், பிரேக்கையே இடைவிடாமல் மிதிப்போரும் அங்கே ஆபத்தைத் தாமே தேடிக்கொள்கின்றனர். இறக்கம் தொடங்கும் முன்னரே கீழ்க் கியருக்கு வந்துவிட்டால், இயந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தாற் போதும், அது ஆறவும் இடம் கிடைக்கும். இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்குவது பெருந்தவறு. பிரேக் மிதி இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும்.

நாங்கள் மூன்றாம் கியரில் மெல்ல இறங்கினோம். எங்களைக் கடந்து சென்ற சில கார்கள் பொறுமையிழந்து ஹாரன் அடித்தன. அடிவாரத்தில், கருகிய பிரேக்கின் நாற்றத்தோடு அவற்றுள் ஒன்று ஓரமாக நின்றிருந்தது. இறங்கிப் போய், ஆறும்வரை காத்திருக்கும்படி சொல்லி, குடிக்கத் தண்ணீரும் கொடுத்துவிட்டு வந்தோம். பெங்களூர்ப் பதிவெண், உள்ளே வயது முதிர்ந்த ஓர் அம்மாள் இருந்தார். சங்ககிரிக்காரருக்குப் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியையேனும் அங்கே அடைத்தோம் என்று எண்ணிக்கொண்டோம்.

ஊர் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம்கூட ஆகவில்லை. பெரியம்மா திண்ணையில் அமர்ந்திருந்தார். கண் பார்வை மங்கிவிட்டது. ஆயினும் கார் வரும் ஓசை கேட்டதும் எழுந்து நின்றார். குழந்தைகளின் முகத்தை இரு கைகளாலும் தடவிப் பார்த்தார். அன்று கேட்ட அதே கேள்வியையே கேட்டார்.

"இல்லை பெரியம்மா, இங்கே வந்து சாப்பிடலாம்னு வந்துட்டோம்" என்றோம்.

அன்பர்களே, ஊரில் நமக்காகக் காத்திருப்போருக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அழைப்பு எந்த விடியலில் வருமென்று எவரும் அறியார். இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, உங்கள் காரின் முன்மூடியைத் திறந்து பாருங்கள்.