நாலு நிமிஷத்துப் பாட்டு

சினிமாவுக்கும் எனக்கும் உள்ள உறவு டிக்கெட் வாங்குவதோடு சரி. என் நாவல் ஒன்றைப் படமாக எடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் மூன்று மாதம் வீட்டுக்கு வந்து காப்பி சாப்பிட்டார். பிறகு வரவில்லை. அதற்கப்புறம் அந்தத் திசையில் தலை வைத்துப் படுப்பதில்லை என்று வைத்திருந்தேன். ஆனால் அக்காள் மகன் என்று ஒருவன் இருந்துவிட்டால் இந்த மாதிரி விரதங்களைக் காப்பாற்றுவது கஷ்டம்.

அவன் இன்ஜினீயரிங் தேறியவன். நான் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். அதனால் அவன் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தபோது, அதற்கு முன்மாதிரி நான்தான் என்று குடும்பத்தில் ஏகமனதாக முடிவு செய்துவிட்டார்கள். இப்போது சென்னையில் இரண்டு நண்பர்களோடு ஓர் அறையில் இருந்துகொண்டு பாட்டுக்குப் படம் எடுக்கிறான். சினிமாப் பாட்டு அல்ல. தாங்களே எழுதி, தாங்களே மெட்டமைத்து, கைக்காசைப் போட்டுப் படம் பிடித்து யூடியூபில் விடுகிற தனிப்பாட்டு. மியூசிக் வீடியோ என்கிறார்கள்.

ஆவணி மாதம் ஒரு நாள் வந்து நின்றான். "மாமா, உப்பைப் பத்தி ஒரு பாட்டு. உப்பளத்துலேயே எடுக்கணும். வேதாரண்யத்துலே உங்களுக்கு வேண்டியவங்க இருக்காங்கன்னு அம்மா சொன்னாங்க."

"பாட்டு கேட்கிறதுக்குத்தானே? அதை எதுக்குப் பார்க்கணும்?" என்றேன். இந்தக் கேள்வியை ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. 1965-இல் பாப் டிலன் லண்டனில் ஒரு ஹோட்டலின் பின்சந்தில் நின்றுகொண்டு, பாட்டின் சொற்களை எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டாராம். ஒரே காமிரா, ஒரே ஷாட், செலவு அட்டைக்கு மட்டும். பதினாறு வருஷம் கழித்து, 1981-இல்தான் அமெரிக்காவில் எம்.டி.வி.யே வந்ததாம். நம் பக்கத்துக்கு வந்தால், கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசத்தைப் பற்றி 2015-இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய பாட்டு உலகமெல்லாம் ஓடியது. அடுத்த வருஷம் மார்ச்சில் 591 பழைய தொழிலாளிகளோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. "பாட்டினாலே மட்டும் இல்லை மாமா. தொழிற்சாலையை மூடின 2001-லேர்ந்து அவங்க போராடிக்கிட்டிருந்தாங்க. ஆனா பாட்டும் இருந்துச்சு" என்றான். கடைசி வாக்கியத்தை அவன் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

பட்ஜெட் என்று ஒரு தாளைக் காட்டினான். மொத்தம் 38,000 ரூபாய். பாட்டை ஒலிப்பதிவு செய்ய 9,000. காமிரா, லென்ஸ் இரண்டு நாள் வாடகை 8,000. வேன் 9,500. சாப்பாடு, தங்கல் 5,000. துணிமணி, மேக்கப் 2,500. இதர செலவு 4,000.

"ஆளுக்குச் சம்பளம்?"

"எல்லாரும் ஃபிரண்ட்ஸ் மாமா."

காமிராவுக்கு வாடகை, முக்காலிக்கு வாடகை, வேனுக்கு வாடகை. மனுஷனுக்கு மட்டும் சிநேகிதம். கேட்டிருக்க வேண்டும். ஆனால் சிறு பத்திரிகைகளுக்கு இருபது வருஷமாக இலவசமாக எழுதுகிறவனுக்கு அது அப்படியொன்றும் அதிசயமாகப் படவில்லை.

ஏழு பேர் போனோம். அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத்தூண் இருக்கிறது. 1930 ஏப்ரல் 30-ஆம் தேதி ராஜாஜி உப்பெடுத்துக் கைதான இடம். அங்கேயும் நாலு ஷாட் எடுக்கலாமா என்று பையன் கேட்டான். "உன் பாட்டு சுதந்திரத்தைப் பத்தியா, உப்பைப் பத்தியா?" என்றேன். பேசாமல் வேனில் ஏறிக்கொண்டான். எனக்குத் தெரிந்தவர் அளத்துக்காரரிடம் அனுமதி வாங்கி வைத்திருந்தார். வேலைக்கு இடைஞ்சல் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

விடியற்காலை ஐந்தரைக்கே அங்கே வேலை பாதி நடந்துவிட்டது. இருட்டிலேயே வந்துவிடுகிறார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்திகள். கடல் தண்ணீர் 3 டிகிரி கனத்தில் உள்ளே வருகிறது. பாத்தி பாத்தியாக வெயிலில் காய்ந்து 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்பு கட்டும். அதைப் பலகை பொருத்திய நீளக் கம்பால் வாரி வரப்பில் குவிக்க வேண்டும்.

ஏழை டைரக்டருக்கு உப்பளத்தைப் போல ஒரு ஸ்டூடியோ கிடையாது. மற்ற இடங்களில் முகத்தில் நிழல் விழாமலிருக்கத் தெர்மோகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்க வேண்டும். இங்கே தரையே அட்டை. வெளிச்சம் கீழேயிருந்து வந்து கண்ணுக்கடியில் உள்ள கருப்பையெல்லாம் துடைத்துவிடுகிறது. தொல்லையும் உண்டு. இத்தனை வெள்ளையைக் கண்டால் காமிராவின் அளவுகோல் மிரண்டுபோய், உப்பைச் சாம்பல் நிறமாகக் காட்டிவிடும். ஆகவே அதன் பேச்சைக் கேட்காமல் கூடுதலாக வெளிச்சம் விட வேண்டும். எட்டரை மணிக்கு மேல் திரையில் ஒன்றும் தெரிவதில்லை. காமிராக்காரப் பையன் தலையோடு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு உள்ளே புழுங்கினான். பாடுகிற பெண் வெறுங்காலோடு நிற்க வேண்டும் என்று இவர்கள் காட்சி அமைத்திருந்தார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவள் ஓடிப்போய் நல்ல தண்ணீரில் காலைக் கழுவினாள். முக்காலியின் கால்களைக் கழுவ யாருக்கும் தோன்றவில்லை. அது துருப்பிடித்ததற்காகப் பின்னால் வாடகைக் கடையில் 1,500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு வித்தை சொல்கிறேன். பாடுகிறவள் கனவில் அசைவது போல மெதுவாக அசைவாள். ஆனால் உதடு மட்டும் பாட்டோடு சரியாக ஒட்டும். எப்படி என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. ஒன்றுமில்லை. விநாடிக்கு 24 படம் என்பதற்குப் பதில் 48 படம் பிடிக்கிறார்கள். அப்போது பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, அதற்குத் தகுந்தபடி வாயசைக்கச் சொல்கிறார்கள். பிறகு 24-ஆக ஓட்டினால் உதடு பழைய பாட்டுக்கு வந்துவிடும். கை, கால், காற்றில் பறக்கும் தலைமயிர் எல்லாம் பாதி வேகத்தில் போகும். எடுக்கிற இடத்தில் பார்க்கச் சகிக்காது. ஸ்பீக்கரில் எலி பாடுகிறது, அந்தப் பெண் வெறிபிடித்தவள் மாதிரி வாயை அசைக்கிறாள். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அவர்களில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் பக்கத்துப் பாத்தியில் வாரிக்கொண்டிருந்தாள். பாடகிக்குப் பின்னால் அவள் வாரினால் காட்சி நிறையும் என்று பையன் கண்டுபிடித்துவிட்டான். "அக்கா, அப்படியே வாருங்க, காமிராவைப் பார்க்காதீங்க" என்றான். வாரினாள். பாடகிக்குச் சொல் தடுக்கிவிட்டது. "இன்னொரு தடவை அக்கா." ஆனால் பாத்தியின் அந்த மூலையில் உப்பு இல்லை. அது வரப்பில் குவியலாகக் கிடந்தது.

பையன் கொஞ்சம் தயங்கினான். பிறகு கேட்டே விட்டான். "அந்தக் குவியலைத் திரும்ப உள்ளே தள்ளிட்டு வார முடியுமா அக்கா?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். வயதானவன், விவரம் தெரிந்தவன் என்று நினைத்திருப்பாள். நான் வரப்பைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே உப்பைத் தண்ணீரில் தள்ளினாள். மறுபடி வாரினாள். ஐந்து தடவை. அவளோடு ஜோடி சேர்ந்து வாருகிற இன்னொரு பெண் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றாள். தூரத்திலிருந்து கணக்குப்பிள்ளை சத்தம் போட்ட பிறகுதான் விட்டோம். வேனில் ஏறும்போது அவளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தோம் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதுகு ஒடிய வாரிய உப்பைத் தண்ணீரில் தள்ளச் சொன்னவன் என் அக்காள் மகன். வரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். உழைக்கிற பெண்களைப் பற்றி நான் நிறைய எழுதியிருக்கிறேன். அதற்காகப் பாராட்டும் பெற்றிருக்கிறேன். அவர்களில் யாருடைய அரைமணி நேரத்துக்கும் நான் காசு கொடுத்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

புரட்டாசியில் பையன் படத்தை அனுப்பினான். நன்றாகவே இருந்தது. 3 நிமிஷம் 50 விநாடிப் பாட்டு, 5,520 படங்கள். நடுவில் பாடகி கண்ணைப் பாதி மூடிப் பாடுகிறாள். பின்னால் அந்த அம்மாள் வாருகிறாள், உப்பு அலை மாதிரி மெல்ல எழுந்து கரையில் சரிகிறது. கோயில் சிற்பம் அசைந்தாற்போல இருந்தது. வெளியிடுவதற்கு முன்னால் ஒரு நாள் அதைக் கைபேசியில் வைத்துக்கொண்டு வேதாரண்யம் போனேன்.

முதலில் கூலியைப் பற்றிப் பேசினேன். அவள் கூச்சப்படவில்லை. "அன்னைக்கு எங்க கணக்குலே ரெண்டு பாத்தி குறைச்சுட்டாரு சார். எனக்கு மட்டும் இல்லை, ஜோடிக்கும்" என்றாள். இரண்டு பேருக்கும் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து முடிந்துகொண்டாள். பிறகு படத்தைக் காட்டினேன். முந்தானையால் கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கிக் கடைசிவரை பார்த்தாள்.

"ஏன் சார், நான் இவ்வளவு மெதுவாவா வாருறேன்?"

"அழகுக்காக அப்படிப் பண்ணியிருக்காங்க அம்மா."

"இப்படி வாரினா எவன் சார் கூலி கொடுப்பான்?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. பாடகியின் புடவையைப் பற்றி விசாரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

பையனிடம் டெலிபோனில் சொன்னேன். "மாமா, அந்த ஷாட்டுக்காகத்தான் முழுப் பாட்டும்" என்று கத்தினான். எனக்கும் அது தெரிந்ததுதான். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான். 48 படத்தில் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்துப்போட்டால் பழைய வேகம் வந்துவிடுமாம். ஆனால் பாடகியின் வாய் இரட்டை வேகத்தில் ஓடும். ஆகவே அவள் முகம் திரும்பியிருக்கிற இடமாகத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னான்.

கடைசியில் கிடைத்தது, வாரிய உப்பை அந்த அம்மாள் தண்ணீருக்குள் தள்ளுகிற இடம். காமிராக்காரன் நிறுத்த மறந்திருக்கிறான். வாத்தியம் மட்டும் வாசிக்கிற இடத்தில் அதைப் போட்டான். பதினோரு விநாடி. விறுவிறுவென்று தள்ளுகிறாள், விறுவிறுவென்று வாருகிறாள், யாரையோ பார்த்து ஏதோ சொல்கிறாள். நண்பர்கள் இருவரும் பாட்டு கெட்டுவிட்டது என்றார்களாம். கொஞ்சம் கெட்டுத்தான் போயிருக்கிறது. மெதுவான ஷாட்டை எடுத்துவிட்டான். இதுவரை நாலாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். போட்ட பணம் வரவில்லை. அடுத்த பாட்டுக்குப் போட்டிருக்கிற தாளில் முதல் வரி கூலி என்று இருக்கிறது. அதனால் வேன் கிடையாது, பஸ்ஸில்தான் போக வேண்டும் என்கிறான்.

கார்த்திகையில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அளமெல்லாம் மழைத் தண்ணீரில் முழுகிக் கிடந்தது. விசாரித்துக்கொண்டு அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் நடவுக்குப் போயிருந்தாள். பேரன் மட்டும் திண்ணையில் இருந்தான். புதிய படத்தை அவனுக்குக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் "எங்க ஆயா" என்றான். இன்னொரு தரம் போடச் சொல்லிப் பார்த்தான். பிறகு, இந்தப் போனில் விளையாட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான்.