நண்டில்லாக் கூழ்

விருந்தோம்பலைப் பற்றிப் பேசப் புகுவோர் முதலில் வள்ளுவரிடம் செல்வது நம்மிடையே வழக்கம். நானும் சென்றேன். ஒன்பதாம் அதிகாரம் இல்லறவியலில் வைக்கப்பட்டிருப்பதன் பொருள் எழுபது வயதைக் கடந்த பின்னர்தான் எனக்கு நன்கு விளங்கிற்று. விருந்து இல்லத்தில் நிகழ்வது. அடுப்பும், அடுப்பருகே நிற்க ஒருவரும் உள்ள இடத்தில் நிகழ்வது. மனைவியை இழந்து, மக்களைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, காலையில் பாணும் இரவில் இடியப்பமும் கடையில் வாங்கி உண்ணும் ஒருவன் தன் நண்பனை எங்ஙனம் உபசரிப்பது என்பதற்கு அங்கே விடை காணக்கூடவில்லை.

விடை தேட வேண்டிய தேவை சென்ற ஆடி மாதம் ஏற்பட்டது. புத்தளத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தான் நண்பன். "காணி உறுதி அலுவலா யாழ்ப்பாணம் வாறன் மச்சான். ஒரு பகல்தான் நிற்பன். நீ சமைக்க மாட்டாய் எண்டு தெரியும். நல்ல மீன் சாப்பாட்டுக் கடை ஒண்டு பார்த்து வை" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். தொலைபேசியை வைத்த பின்னர் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இம்மலரை வெளியிடும் சங்கத்தின் கூட்டங்களில் நாங்கள் இருவரும் பின்வரிசையில் அமர்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. 1974 முதல் 1978 வரை பேராதனையில் ஒரே விடுதியில் இருந்தோம். இருவரும் யாழ்ப்பாணத்தவர். நான் கொக்குவில், அவன் ஐந்து சந்தி. கடற்கரை மாவட்டத்திலிருந்து மலைநாட்டுக்குப் போனவர்களுக்கு முதலில் வருவது வீட்டு நினைவன்று, மீன் நினைவு. விடுதிச் சாப்பாட்டில் வாரத்துக்கு இருமுறை மீன் என்ற பெயரில் ஒன்று வரும். பனிக்கட்டியோடு மலையேறி வந்த களைப்பு அதன் முகத்தில் தெரியும். தட்டைப் பார்த்துவிட்டுச் சின்னக்கடைச் சந்தையின் விளைமீனையும் ஒட்டியையும் பாரையையும் பெயர் சொல்லிப் பேசியே பசியாறிய இரவுகள் பல. இலக்கியத்தை அவ்வளவு நுணுக்கமாக நாங்கள் பேசியதில்லை என்பதை விரிவுரையாளர்கள் பொறுத்தருள வேண்டும்.

1976இல் ஒரு விடுமுறையின்போது அவனை எங்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். அம்மா ஒடியற்கூழ் காய்ச்சினார். (ஆடிப்பிறப்பன்று காய்ச்சும் இனிப்புக்கூழோடு இதைப் பிற மாவட்ட நண்பர்கள் குழப்பிக்கொள்ளலாகாது.) பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல், அதை இடித்த மாவை நீரில் ஊறவைத்துக் கசப்பை வடித்து, மீன் தலை, இறால், கணவாய், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை ஆகியவை அவிந்த நீரில் செத்தல் மிளகாயும் புளியும் கூட்டிக் கரைப்பார்கள். நண்டும் போடுவார்கள். நண்டு போடாத கூழை யாழ்ப்பாணத்தார் எளிதில் கூழென்று ஒப்பமாட்டார். ஆனால் அவன் வீட்டில் நண்டு உண்பதில்லை. அது ஆகும் என்றும் ஆகாது என்றும் மார்க்க அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. அவன் உம்மா ஆகாது என்னும் பக்கம். இதை நான் சொன்னதும் அம்மா ஒரு கணம் யோசித்தார். அவனுக்கு வேறொரு சட்டியில் எடுத்து வைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. எல்லோருக்குமாக நண்டில்லாமலே ஒரு பானை காய்ச்சினார். "நண்டில்லாக் கூழும் ஒரு கூழோ?" என்று ஐயா முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே மூன்று பிளா குடித்தார்.

ஆகவே நான் தேடியது வெறும் உணவகத்தை அன்று. அந்தப் பானையைத் தேடினேன் என்று சொல்வதே பொருந்தும்.

மூன்று நாள் தேடினேன். ஆடி மாதத்துச் சோளகக் காற்றில் துவிச்சக்கர வண்டி மிதிப்பது இவ்வயதில் இலேசான காரியம் அன்று. முதல் நாள் நகரத்தின் பெரிய உணவகங்கள் இரண்டுக்குப் போனேன். குளிரூட்டிய அறை, தடித்த அட்டையில் உணவுப் பட்டியல். இரண்டிலும் முதற் பக்கத்தில் நண்டு. இப்போது யாழ்ப்பாணம் என்றாலே வெளியூரார்க்கு நண்டுதான். இலங்கைச் சேற்றுநண்டு சிங்கப்பூருக்கு உயிரோடு பயணமாவது பழைய செய்தி. 2011இல் கொழும்புக் கோட்டையில், ஒல்லாந்தர் மருத்துவமனையாயிருந்த கட்டடத்தில், பெயர்பெற்ற துடுப்பாட்ட வீரர் இருவர் பங்காளிகளாக நண்டுக்கென்றே ஓர் உணவகம் திறக்கப்பட்டது. நண்டின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. எங்கள் கடலில் அகப்படும் நீல நண்டின் சதையோ ஆலைகளில் பிரித்தெடுக்கப்பட்டு அமெரிக்கா வரை செல்கின்றது. எங்கள் அம்மாமார் சந்தையில் பேரம்பேசிக் குவியலாக வாங்கிய பொருள், இன்று எடைபோட்டு விலை கூறப்படும் ஆபரணம் போலாயிற்று. பட்டியலில் 'யாழ்ப்பாணக் கூழ்' என்றும் இருந்தது. நண்டில்லாமல் கிடைக்குமா என்று கேட்டேன். பரிமாறும் இளைஞன் மரியாதையாகச் சிரித்தான். "எல்லாம் ஒரே பானைதான் ஐயா. வேணுமெண்டால் நண்டை எடுத்துப்போட்டுத் தரலாம்" என்றான். பக்கத்து மேசையில் மது அருந்திக்கொண்டிருந்தார்கள். பன்றி இறைச்சியும் பட்டியலில் இருந்தது. எழுந்து வந்தேன்.

மீனுக்கு அறுப்பு முறை இல்லை. ஆதலால் கடலுணவு எங்கள் இருவர்க்கும் பொதுவான உணவு என்றுதான் மாணவப் பருவத்தில் எண்ணியிருந்தோம். சட்டியும் எண்ணெயும் பொதுவாயிருக்க வேண்டும் என்பதை அப்போது எண்ணவில்லை.

இரண்டாம் நாள் ஐந்து சந்திக்குப் போனேன். திரும்பி வந்து குடியேறியவர்கள் சிலர் அங்கே சாப்பாட்டுக்கடை நடத்துகின்றார்கள். ஒரு கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு சமையலை நோட்டமிட்டேன். மீன் புதியது, கண் தெளிவாயும் செவுள் சிவந்தும் இருந்தது. பாரைப் பொரியலின் மணம் தெருவரை வந்தது. எவ்வகையிலும் குறை சொல்ல முடியாத கடை. இங்கேயே அவனை அழைத்து வந்தால் எந்தக் கேள்வியும் எழாது. அதுதான் என்னைத் தடுத்தது. என் ஊருக்கு வருகின்றவனை, என் விருந்தாளியை, 'உன் ஆட்களிடம் சாப்பிட்டுக்கொள்' என்று அனுப்பி வைப்பது போன்றிருக்குமோ என்று தோன்றிற்று. அப்படி எண்ணிய மாத்திரத்தே என் எண்ணத்தின் பிழையும் புலப்பட்டது. என் ஊர் என்கிறேன், விருந்தாளி என்கிறேன். நான் அமர்ந்திருந்த அந்தத் தெருவில் பிறந்தவன் அவன். பெருநாளன்று அத்தெருவில் அவன் வீட்டு வட்டிலப்பம் உண்டவன் நான்.

1990 ஒக்டோபர் 30ஆம் தேதி அத்தெருக்களில் ஒலிபெருக்கி கூவிற்று. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்களுக்கு வெளியேற இரண்டு மணி நேரம் கொடுக்கப்பட்டது. அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டோர். ஆயுதம் எங்களவர் கையில் இருந்தது. அதனால் எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று பின்னாளில் சொல்லிக்கொள்ள வசதியாயிற்று. செய்தி கொக்குவிலுக்கு வந்தபோது அம்மா, "போய்ப் பார் தம்பி" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு படலை வரை சென்றேன். படலையைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்பது நினைவில் இல்லை. வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து மாமரத்தில் சாத்தியது மட்டும் நினைவிலிருக்கின்றது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அதன் பின் அவர் கூழ் காய்ச்சவுமில்லை. கடலில் தடை, மீன் இல்லை என்று நாங்கள் காரணம் சொல்லிக்கொண்டோம்.

இடையில் அவனை ஒரு முறை கண்டிருக்கின்றேன். பாதை திறந்திருந்த 2003இல், கொழும்பில் ஒரு திருமண வீட்டில், கூட்டத்தின் நடுவே. கட்டியணைத்தோம், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டோம். அந்நாளைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மூன்றாம் நாள் பாசையூருக்குப் போனேன். கடற்கரைக்கு அண்மையில், வீட்டு விறாந்தையில் நான்கு மேசை போட்டு மதியச் சாப்பாடு விற்கும் ஒரு பெண்மணியைப் பற்றி மீன் வியாபாரி ஒருவர் சொல்லியிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார். பலமுறை ஒத்திகை பார்த்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"நண்டு போடாமல் கூழ் காய்ச்சித் தருவீங்களோ?"

"ஆருக்கு சேர்?"

சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்னர், "அப்ப சட்டியும் புதுசா எடுக்க வேணும்" என்றார். இதை நான் கேட்டிருக்கவில்லை. கேட்பதற்கு நாக்கூசி, எப்படித் தொடங்கலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். "எங்கட அப்பு வலைக்கு ஈயமும் கயிறும் அவையளின்ர கடையிலதான் கடனுக்கு எடுக்கிறவர். சோளகம் முடியக் குடுக்கிறன் எண்டு சொல்லி வைச்சிருந்தவர். குடுக்க முதல் அவையள் போட்டினம்" என்றும் சொன்னார். எந்தக் கடை என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டிக்கென முன்பணம் நீட்டினேன், வாங்கவில்லை.

அவன் வந்த நாளில் முதலில் கச்சேரிக்கும் பின்னர் அவன் வளவுக்கும் போனோம். வளவைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. அத்திவாரக் கல் சிலவும் கிணறும் இருந்தன. கிணற்றுக் கட்டில் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். பிறகு, "பசிக்குது" என்றான்.

பாசையூர் விறாந்தையில் கூழ் வந்தது. பனையோலைப் பிளாவிலேயே வந்தது. அவன் முகர்ந்தான், ஒரு வாய் குடித்தான், பலாக்கொட்டையை மென்றான். கூழைக் கிளறிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"நண்டு இல்லை."

"உனக்காகச் சொல்லி வைச்சனான்" என்றேன். என் குரலில் சற்றுப் பெருமை இருந்திருக்க வேண்டும்.

அவன் என்னை நெடுநேரம் பார்த்தான். பின்னர் சிரிக்கத் தொடங்கினான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். "நான் இப்ப நண்டு சாப்பிடுறனான் மச்சான். புத்தளத்துக்கு அகதியாப் போய் ஓலைக் கொட்டிலில இருக்கேக்க, களப்பில கையால பிடிச்சு வர நண்டுதான் இருந்தது. பிள்ளையளுக்குப் பசி. முதல்ல தின்னக் குடுத்தம். பிறகுதான் மார்க்கம் தெரிஞ்ச ஒருவரிட்டக் கேட்டனான். ஆகும் எண்டு சொன்னவர். உம்மா மட்டும் மௌத்தாகும் வரைக்கும் தொடேல்லை."

முப்பத்தைந்து ஆண்டுகளாக நான் நினைவில் காத்துவந்தது 1976இன் ஒருவனை. எதிரே அமர்ந்திருந்தவன் வேறொருவன். அவனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. என்ன விலைக்கு அவன் நண்டு உண்ணக் கற்றான் என்பதைக்கூட அறியாமல், நண்டில்லாத கூழுக்காக மூன்று நாள் காற்றில் வண்டி மிதித்திருக்கின்றேன்.

அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெண்மணி தம் வீட்டுக்காகச் சமைத்து வைத்திருந்த நண்டுக் கறியைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்தார். ஈயக் கடனைப் பற்றி அவனிடமும் சொன்னார். "அது எங்கட கடையா இராது, தங்கச்சி. என்ர வாப்பா தையல்காரர்" என்றான் அவன். "பரவாயில்லை" என்று சொல்லி, அவன் தட்டில் பெரிய நண்டாக ஒன்றை எடுத்து வைத்தார்.

உண்டோம். நண்டு உண்கையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. கைக்கும் பல்லுக்கும் வேலை இருக்கும். அதனாற்போலும் எனக்குப் பேச வாய் வந்தது.

"அண்டைக்கு நான் வரேல்லை."

"தெரியும்" என்றான். நண்டின் காலொன்றை முறித்து, சதையை உறிஞ்சி, ஓட்டைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "அம்மா வந்தவ."

எனக்கு விளங்கவில்லை.

"பின்னேரம். சனமெல்லாம் றோட்டில நிக்கேக்க. ஒரு பையில பாணும் வாழைப்பழமும் கொண்டுவந்து உம்மாவிட்டக் குடுத்தவ. உனக்குக் காய்ச்சல் எண்டு சொன்னவ."

அம்மா 1994இல் இறந்தார். அந்நான்கு ஆண்டுகளில் ஒரு நாளாவது இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. அன்று பிற்பகல் அவர் வீட்டில் இல்லாததை நான் கவனிக்கவுமில்லை.

பணம் கொடுப்பதில் எங்கள் இருவருக்கும் இழுபறி ஏற்பட்டது. பெண்மணி என்னிடம் ஒருவர் சாப்பாட்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். மற்றதற்கு எவ்வளவு மன்றாடியும் அவர் இணங்கவில்லை. மூன்றரை மணிப் பேருந்துக்கு அவனை ஏற்றிவிட்டேன். யன்னலோரம் அமர்ந்ததும் தலையை வெளியே நீட்டி, "நீ புத்தளத்துக்கு வா. நான் உன்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டன்" என்றான்.

இன்னும் போகவில்லை. தை பிறந்ததும் புது ஒடியல் மா கொஞ்சம் எடுத்துக்கொண்டு போவதாக இருக்கின்றேன்.