எங்கள் கைப்பம்பு எந்தக் கணக்கில் வருகிறது?

நம்பர் ஒன் டோல்கேட்டில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போகும்போது, கொள்ளிடம் பாலம் வந்தால் அப்பா கீழே பார்க்கமாட்டார். பக்கத்தில் 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சாய்ந்தன. அதே மாதம் 22-ஆம் தேதி முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கம் இருந்த 45 மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. பழைய கட்டுமானம், பெரிய வெள்ளம் என்றது அரசு. மணலை அள்ளி அள்ளி ஆற்றின் அடி இறங்கிவிட்டது என்றார்கள் விவசாயிகள். டிவியில் அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நான் ஏத்துன மண்ணும் அதுல கொஞ்சம் இருக்கும்."

அப்பா மணல் லாரிக்கு லோடு ஏற்றியவர். எங்கள் காலனியில் பாதி ஆண்கள் அந்த வேலைதான் செய்தார்கள். சொந்த நிலம் கிடையாது. ஊர்த்தெரு வயலில் கூலிக்குப் போனால் வரப்பில் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆற்றில் அப்படி இல்லை, லோடுக்கு இவ்வளவு என்று கையில் காசு வரும். அந்தக் காசில்தான் நான் திருச்சியில் எம்.ஏ. சமூகவியல் படித்தேன். இதை மறைத்துவிட்டு மணல் கொள்ளையைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு, அது அம்மாவுடையது. நான் சிறுமியாக இருந்தபோது குடிதண்ணீருக்கு அம்மா என்னை ஆற்றுக்குக் கூட்டிப் போவார். மணலைக் கையால் தோண்டினால் முழங்கை ஆழத்தில் ஊற்று சுரக்கும். கலங்கல் தெளியும்வரை காத்திருந்து கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்புவோம். ஊர்க் கிணற்றில் யாராவது இரைத்து ஊற்றுவார்களா என்று தள்ளி நின்று காத்திருந்த காலத்தைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆற்றில் யாரிடமும் கேட்க வேண்டாம். சாதி பார்க்காத கிணறு என்று எங்களுக்கு இருந்தது அந்த மணல் ஒன்றுதான்.

மணல் என்பது வீடு கட்டும் பொருள் மட்டுமல்ல. ஆற்றில் தண்ணீர் ஓடாத மாதங்களிலும் அது தன் இடுக்குகளில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆற்றின் அடியைத் தாழ்த்தினால், கரையோரத்து நிலத்தடி நீரும் அந்தப் பள்ளத்தை நோக்கி வடிந்து தாழும். கம்பரசம்பேட்டையில் ஆற்று மணலுக்குள் கிணறு இறக்கித்தான் திருச்சி மாநகரம் குடிக்கிறது.

2003 அக்டோபரில் ஆற்று மணல் குவாரிகளை அரசே எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் எங்கள் பக்கம் பொக்லைன் வந்தது. முப்பது பேர் ஏற்றிய மணலை ஒரு இயந்திரம் ஏற்றியது. அப்பாவுக்கு வேலை போனது. அடுத்த சில வருடங்களில் ஊற்றும் போனது. முதலில் கூலி, பிறகு தண்ணீர், இரண்டையும் இழந்தது ஒரே தெரு.

ஊர்த்தெருவிலும் தண்ணீர் இறங்கத்தான் செய்தது. ஆனால் அவர்கள் போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்கினார்கள். விவசாய பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அது தேவையான சலுகைதான், விவசாயியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பம்புசெட் வேண்டுமென்றால் முதலில் நிலம் வேண்டும். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்வது நில உரிமையாளரின் உரிமை. நிலமில்லாதவருக்கு அடியில் என்ன இருக்கிறது? நிலத்தடி நீரை முறைப்படுத்த தமிழ்நாடு 2003-ல் ஒரு சட்டம் இயற்றியது. 2013-ல் அதையும் ரத்து செய்தார்கள். பஞ்சமி நிலத்தை இழந்த கதையை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். நிலத்தோடு அதன் அடியில் இருந்த தண்ணீரும் கைமாறியதை நாம் போதிய அளவு பேசவில்லை.

ஒரு கோடையில் எங்கள் காலனி கைப்பம்பு காற்றை மட்டும் கக்கியபோது, மனு எழுதிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஒரு வரைபடத்தைக் காட்டி, "உங்க பிர்கா பாதுகாப்பான பிர்காம்மா. பச்சை கலர்ல இருக்கு பாருங்க" என்றார்.

அந்தப் பச்சை எப்படி வருகிறது என்று பிறகு தேடிப் படித்தேன். மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநிலத் துறையும் சேர்ந்து கணக்கிடுகின்றன. மழை, வாய்க்கால் கசிவு, பாசன நீர் என்று ஆண்டில் பூமிக்குள் இறங்கும் நீரில் எடுக்கத்தக்கது எவ்வளவு, உண்மையில் எடுப்பது எவ்வளவு என்று சதவீதம் போடுகிறார்கள். 70 வரை பாதுகாப்பானது, 90 வரை ஓரளவு அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் போனால் அதிநுகர்வு. 2020 கணக்கில் தமிழ்நாட்டின் 1166 பிர்காக்களில் 435 அதிநுகர்வில் இருந்தன. அவசியமான வேலை இது. ஆனால் பிர்கா என்பது பல கிராமங்கள் சேர்ந்தது. வாய்க்கால் பாயும் வயலும், மேட்டில் இருக்கும் காலனியும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆழமான போர்வெல்லில் தண்ணீர் இருக்கும்போதே ஆழமில்லாத கைப்பம்பு வற்றிவிடும். அந்தக் கணக்கு தப்பில்லை, ஆனால் எங்கள் தெருவைத் தனியாகப் பார்க்கும் வேலையை அது செய்வதில்லை.

மணலுக்கும் கணக்கு உண்டு. மாவட்ட அளவாய்வு அறிக்கை தயாரிக்க வேண்டும், ஆறு எவ்வளவு மணலைத் திரும்பக் கொண்டுவருகிறது என்று ஆராய வேண்டும், மூன்று மீட்டருக்கு மேல் தோண்டக் கூடாது என்று மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆனால் 2023-ல் அமலாக்கத் துறை, மணல் விவகாரத்தில் திருச்சி உட்பட ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்குச் சம்மன் அனுப்பியது. மாநில அரசு எதிர்த்து வழக்காடியது. 2024 பிப்ரவரியில், ஆட்சியர்கள் ஆஜராக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அது மத்திய, மாநில அரசியல் என்று ஒதுக்கிவிடலாம். எவ்வளவு அள்ளினார்கள் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் காலனிக்காரர் யாரும் இல்லை.

நாங்கள் செய்தது சின்ன வேலை. அம்மாவிடம் ஒரு அளவுகோல் இருந்தது. "முன்னெல்லாம் பத்து அடி அடிச்சா தண்ணி வரும். இப்ப கை ஓஞ்சு போவுது" என்பார். அதையே நோட்டில் எழுதச் சொன்னேன். வாரம் ஒருநாள், காலையில் முதல் குடத்துக்கு எத்தனை அடி என்று. திறந்த கிணற்றில் கயிற்றில் கல் கட்டி அளந்தோம். ஒரு வருட நோட்டோடு மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபைக்குப் போனோம்.

நான் பேசுவதாக ஏற்பாடு. ஆனால் எழுந்தவர் அப்பா. "நான் மண்ணு ஏத்துனவன். எங்க எவ்வளவு ஆழம் எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். எழுதிக்குங்க" என்றார். பின்னால் யாரோ, "அன்னைக்கு ஏத்திட்டு இன்னைக்கு பேச வந்துட்டாரு" என்று சிரித்தார்கள். அப்பா உட்காரவில்லை. "ஏத்துனதுக்குக் கூலி வாங்கினேன். வித்தவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும்" என்றார். தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி ஏறியது. காலனிக்குத் தனியாக நீர்மட்டம் அளக்க வேண்டும். மணல் அறிக்கையைக் கிராம சபையில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும்.

இரண்டும் இன்னும் நடக்கவில்லை. கைப்பம்புக்குக் குழாய் மட்டும் கூடுதலாக இறக்கித் தந்தார்கள். அது எத்தனை கோடைக்குத் தாங்கும் என்று தெரியாது.

1927-ல் மகத்தில் அண்ணல் அம்பேத்கர் பொதுக் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், 2022-ல் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்தது. அதைப் போன்ற கொடுமை கண்ணுக்குத் தெரியும், சட்டத்திலும் பிரிவு இருக்கிறது. தெரு ஓரத்தில் மெல்ல வற்றும் கைப்பம்புக்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? அதற்கு முதலில் ஆதாரம் வேண்டும்.

தோழர்களே, உங்கள் தெருவில் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, எத்தனை அடி, யார் அடித்தது. அடுத்த கிராம சபைக்கு அதைக் கையில் எடுத்துப் போங்கள். எங்கள் நோட்டு இப்போது மூன்றாவது வருடத்தில் இருக்கிறது. அதை எழுதுவது அப்பா.