தோண்டிய கைகள்

"பிழைத்தது அதிசயம்!" இந்தச் சொல்லை நாம் முதன்முதலாகக் கேட்டபோது நமக்கு அகவை ஒன்பது. ஆண்டு 1968. கடுங்கோடை. ஊருணி வறண்டு, வாய்க்கால் வெடித்து, வயல்வெளியெல்லாம் வாய் பிளந்து கிடந்த காலம். நம் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. நண்பகல். வேலையாட்கள் கஞ்சி குடிக்கக் கரையேறியிருந்தனர். ஊற்றுக்கண் திறந்திருக்கிறதா என்று பார்த்துவர நம் தந்தையார் தாமே உள்ளே இறங்கினார். இறங்கியவர் ஏறவில்லை. இடியென ஓர் ஓசை எழுந்தது, புழுதி கிளம்பிற்று, கிணற்றின் கீழ்ப்புறச் சுவர் சரிந்து விழுந்தது.

அன்னையார் அலறினார். ஊர் கூடிற்று. பெரியவர்கள் கிணற்று மேட்டில் நின்றனர். ஒருவர் அன்றைய நாள் என்ன என்று கேட்டார். மற்றொருவர் நட்சத்திரம் என்ன என்று கேட்டார். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடியுங்கள் என்றார் இன்னொருவர். அத்தனை பேரும் மேலே நின்றனர். உள்ளே இறங்கியவர்கள் யார்?

நால்வர். கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்த நால்வர். சேரியிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். மண்வெட்டி போட்டால் மண்ணுக்குள் இருப்பவர் உடல்மேல் படுமே என்று அதை எறிந்துவிட்டு, வெறுங்கையால் மண்ணை வாரினர். கூடை கூடையாக மேலே ஏற்றினர். மேலும் சரியாதிருக்கப் பனஞ்சட்டங்களை முட்டுக் கொடுத்தனர். எந்த நேரமும் மறுபுறச் சுவரும் சரியலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். மேலே நின்றவர்களுக்கும் தெரியும். அதனால்தான் அவர்கள் மேலே நின்றார்கள்!

அந்தி சாயும் வேளையில், பாறை இடுக்கொன்றில் மார்பளவு மண்ணில் சிக்கி, மூச்சு இழையோடிக்கொண்டிருந்த தந்தையாரைக் கண்டனர். கட்டிப் பிடித்து இழுத்து, வடத்தில் கட்டி மேலே அனுப்பினர். அப்போது கூட்டத்திலிருந்து எழுந்த குரல்தான் நாம் முதலிற் சொன்னது. "பிழைத்தது அதிசயம்! ஆண்டவன் அருள்!"

மேலே வந்தவரை உடனே குளிப்பாட்டினார்கள். மண் போகக் குளிப்பாட்டினார்கள் என்றே அன்று எண்ணினோம். மண் மட்டும் போகவா என்பது பிற்காலத்தில்தான் உறைத்தது.

ஒரு வாரத்துக்குள் வேண்டுதல் நிறைவேறிற்று. முடி இறக்கினர், கிடாய் வெட்டினர், வெள்ளியில் உருவம் செய்து காணிக்கையாக இட்டனர், ஊருக்கே விருந்து வைத்தனர். நால்வரும் வந்தனர். மாட்டுக் கொட்டிலுக்கு அப்பால் அமர்த்தினர். எட்ட நின்று இலையில் சோறிட்டனர். உயரத்திலிருந்து ஊற்றிய நீரைக் கை குவித்துக் குடித்தனர். அடுத்த திங்களில் கிணற்றில் ஊற்று வந்தது. தேங்காய்த் தண்ணீர்போல இனித்த நீர். அந்தக் கிணற்றை வெட்டியவர்கள் அவர்கள். அதிலிருந்து ஒரு குடம் மொள்ளும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை. விருந்தில் நாமும்தான் உண்டோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சொல்லித் தப்பிக்க நாம் விரும்பவில்லை. பத்தொன்பது வயதிலும் கேட்கவில்லையே நாம்!

அன்று தொட்டு, அதிசயம் என்ற சொல்லை ஐயத்தோடு பார்க்கும் பழக்கம் மெல்ல மெல்ல நமக்கு வந்தது. எவர் பிழைத்த கதையைப் படித்தாலும், பிழைக்க வைத்தது எது என்று தேடத் தொடங்கினோம்.

இயற்கையிலிருந்தே ஒரு சான்று காட்டுவோம். அலாஸ்காவின் காடுகளில் ஒருவகைத் தவளை உண்டு. கைக்குள் அடங்கும் சிற்றுயிர். குளிர்காலம் வந்தால் சருகுக்கடியில் பதுங்கி உறைந்துவிடும். உறைதல் என்றால் உவமை அன்று. உடலில் உள்ள நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகிவிடும். மூச்சில்லை, இதயத் துடிப்பில்லை, தட்டினால் கல்லைப் போல் ஒலிக்கும். இளவேனில் வந்து பனி உருகினால் இதயம் மீண்டும் துடிக்கும். தவளை தத்திச் செல்லும். கண்டவர் எவரும் அதிசயம் என்றுதான் சொல்வர். ஆய்ந்தவர் சொல்வது வேறு. குளிர் தொடங்கியதும், அதன் ஈரல், தான் முன்பே சேர்த்து வைத்திருந்த மாப்பொருளைச் சர்க்கரையாக்கி உடலெங்கும் அனுப்புகிறது. உயிரணுக்களுக்கு வெளியே பனி உறைகிறது. உள்ளே சர்க்கரை செறிந்திருப்பதால் அணு உடையாமல் தப்புகிறது. ஆக, மாயம் ஏதும் நடக்கவில்லை; வேலை நடந்திருக்கிறது. இலையுதிர் காலத்திலேயே ஈரல் சேமித்திராவிட்டால், வேனிலில் தவளை எழுந்திராது.

தவளைக்கு அதன் ஈரல். நம் தந்தையாருக்கு அந்த நால்வர். பிழைத்தல் என்பது எங்கோ எவரோ செய்த வேலையின் விளைவு. வேலையை மறைத்துவிட்டு விளைவை மட்டும் காட்டினால், அதற்கு அதிசயம் என்று பெயர்.

இந்த எண்ணத்தை நம் நெஞ்சில் ஆழ ஊன்றிய நிகழ்ச்சி, 2023-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் தொடங்கிற்று. அன்று தீபாவளி. நாடெங்கும் விளக்கேற்றும் நாளின் விடியற்காலையில், இமயமலைச் சாரலில், உத்தரகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில், சில்க்யாரா என்னும் இடத்தில் கட்டப்பட்டுவந்த மலைக்குகைச் சாலை இடிந்தது. திருத்தலப் பயணிகள் விரைந்து செல்வதற்காக மலையைக் குடைந்து போடப்பட்ட சாலை அது. நீளம் நாலரைக் கிலோமீட்டர். உள்ளே 41 தொழிலாளர். சார்க்கண்டு, உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா, வங்கம், அசாம் எனப் பல மாநிலங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். அவர்களுக்கும் வெளியுலகுக்கும் நடுவே ஏறத்தாழ 60 மீட்டர் தடிப்பில் இடிபாடு.

நாம் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே அமர்ந்திருந்தோம். பலகாரம் தட்டில் இருந்தது, தொண்டையில் இறங்கவில்லை. கிணற்று மேட்டில் நின்ற ஒன்பது வயதுச் சிறுவன் நம்முள் மீண்டும் எழுந்து நின்றான்.

நான்கு அங்குலக் குழாயொன்று தப்பியிருந்தது. அதன் வழியே காற்று அனுப்பினர். பொரியும் கடலையும் அனுப்பினர். எட்டு நாள் கழித்து ஆறு அங்குலக் குழாய் உள்ளே சென்றது. அப்போதுதான் சூடான உணவு அவர்கள் கைக்கு எட்டியது. உள்ளே இருந்தவர்கள் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டனர். இடிபடாத குகைப் பகுதியில் நடை பயின்றனர். அவர்களுள் மூத்தவரான மேற்பார்வையாளர், மற்ற அனைவரும் வெளியேறிய பின்னரே தாம் வெளியேறுவதாகச் சொல்லியனுப்பினார் என்று ஏடுகள் எழுதின. அந்த ஒருவர் காட்டிய உறுதி, நாற்பது பேர் நெஞ்சிலும் நம்பிக்கையாக மாறியிருக்கும் அன்றோ!

வெளியே என்ன நடந்தது? அயல்நாட்டு வல்லுநர் வந்தார். ஆற்றல் மிக்க துளையிடும் பொறி வந்தது. குகை வாயிலில் இருந்த சிறு கோயிலை அகற்றியதால் வந்த தெய்வக் குற்றம் என்றும் சிலர் பேசினர். வாயிலில் அவசர அவசரமாக ஒரு சிறு கோயில் வைக்கப்பட்டது. பொறி நாற்பத்தைந்து மீட்டருக்கு மேல் சென்றது. நவம்பர் 24-இல் இரும்பில் சிக்கி உடைந்தது. எஞ்சியது பத்துப் பன்னிரண்டு மீட்டர். நம் வீட்டுக் கூடத்தைப்போல் இரண்டு பங்கு நீளம். அவ்வளவுதான். ஆனால், அதற்கு மேல் நகர எந்த எந்திரத்தாலும் இயலவில்லை.

அப்போது அழைக்கப்பட்டவர்கள்தாம் எலிவளைத் தொழிலாளர்கள். நிலக்கரிக்காகக் குனிந்து, தவழ்ந்து, ஆள் நுழையும் அளவே துளையிட்டுத் தோண்டும் முறைக்கு எலிவளை என்று பெயர். உயிருக்கு உலை வைக்கும் முறை என்று கூறி, பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் மேகாலயத்தில் அதற்குத் தடை விதித்தது. அந்தத் திறமையைக் கொண்டு நகரங்களில் குழாய் பதித்து வயிறு வளர்த்த பன்னிரண்டு பேர் வந்தனர். தாழ்த்தப்பட்டோரும் இசுலாமியருமாகிய எளியவர்கள். 800 மில்லிமீட்டர் குழாய்க்குள் தவழ்ந்து சென்றனர். ஒருவர் தோண்ட, ஒருவர் வார, ஒருவர் வெளியே தள்ள, ஒரு நாளைக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அந்தத் தொலைவைக் கடந்தனர். நவம்பர் 28 மாலை மண்சுவர் உடைந்தது. உள்ளிருந்தவர்கள் அந்தக் கைகளைப் பற்றிக்கொண்டனர். ஒரு மணி நேரத்துக்குள் 41 பேரும் வெளியே வந்தனர். பதினேழு நாள்! ஓர் உயிர்கூடப் போகவில்லை.

நாம் கண்ணீர் விட்டோம், வெட்கமின்றிச் சொல்கிறோம். மறுகணம் பெட்டியிலிருந்து வந்தது அந்தப் பழைய சொல்: "அதிசயம்!"

அதிசயம் என்றால், அது ஏன் எல்லா இடத்திலும் நிகழவில்லை? 2018 டிசம்பரில், அதே மேகாலயத்தில், க்சான் என்னும் ஊரில், எலிவளைச் சுரங்கமொன்றில் வெள்ளம் புகுந்தது. குறைந்தது 15 பேர் உள்ளே சிக்கினர். நீரை இறைக்க வலிய பொறிகள் வந்துசேர நாட்கள் ஓடின. ஒருவரும் உயிரோடு மீளவில்லை. அவர்கள் வீட்டிலும் வேண்டுதல் இருந்திருக்கும். அவர்களைப் பெற்ற தாயாரும் அழுதிருப்பர். அருள் ஓரிடத்தில் சுரந்து ஓரிடத்தில் வற்றுமா? வற்றியது அருள் அன்று, அக்கறை. சில்க்யாராவிலேயே பாருங்கள். 2018-இல் நடுவணரசு ஒப்புதல் அளித்தபோது, தப்பிக்கும் வழியோடு கூடிய குகைச் சாலை என்றுதான் அறிவிக்கப்பட்டது. 2023-இல் மலை சரிந்தபோது அந்த 41 பேருக்குத் தப்பிக்க ஒரு வழி இருந்ததா? இருந்திருந்தால், அதிசயத்துக்குத் தேவையே நேர்ந்திராதே!

மீட்டவர்களுக்கு மாலைகள் விழுந்தன. ஆளுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. மூன்று திங்கள் கழிந்தன. 2024 பிப்ரவரி இறுதியில், அந்தப் பன்னிருவரில் ஒருவரது தில்லி வீட்டை, ஆக்கிரமிப்பு என்று கூறி அதிகாரிகள் இடித்துத் தள்ளினர். நிலம் யாருடையது என்ற வழக்கை நாம் இங்கு விசாரிக்க வரவில்லை. இடிபாட்டுக்குள்ளிருந்து 41 பேரை வெளியே எடுத்தவன், தன் வீட்டின் இடிபாட்டுக்கு முன்னால் பிள்ளைகளோடு நின்றான் என்ற செய்தியைப் படித்தபோது, மாட்டுக் கொட்டிலுக்கு அப்பால் இட்ட அந்த இலைகள்தாம் நம் கண்முன் வந்தன. விருந்து மாறவில்லை; இடம்தான் மாறியிருக்கிறது!

அந்த வாரமே ஊருக்குச் சென்றோம். தந்தையார் இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருமுறை அவரிடம் அந்த நால்வரின் பெயரைக் கேட்டிருந்தோம். கிடாயின் விலை அவருக்கு நினைவிருந்தது. வெள்ளி உருவத்தின் எடை நினைவிருந்தது. நால்வரில் இருவர் பெயர்தான் நினைவுக்கு வந்தது. சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். அந்த இரு பெயர்களை வைத்துக்கொண்டு தேடினோம். நால்வரும் இப்போது இல்லை. ஒருவருடைய பேரன் இருந்தார். நகரத்தில் பாதாளச் சாக்கடைக்குக் குழி தோண்டும் வேலை. திண்ணையில் அமரச் சொல்லி, செம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்தோம்.

"தாத்தா அடிக்கடி சொல்லுவாருங்க, ஐயா" என்றார். "குழிக்குள்ள உங்க அப்பா கெட்டியா எங்க தாத்தா கையைப் பிடிச்சுக்கிட்டாராம். 'அன்னைக்கு ஒரு நாள்தான், தொடாதேன்னு யாரும் சொல்லலை'ம்பாரு."

நமக்கு மறுமொழி வரவில்லை. மற்ற மூவரின் பெயர்களையும் அவரே சொன்னார். எழுதிக்கொண்டோம். கிணற்று மேட்டில் நான்கு பெயரையும் கல்லில் வெட்டி வைக்கலாமா என்று கேட்டோம். சற்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வைங்க, ஐயா. ஆனா எங்களுக்கு இப்ப வேண்டியது வேற. குழிக்குள்ள இறங்கும்போது இடுப்பிலே கட்ட ஒரு நல்ல கயிறு, மேலே நின்னு பார்க்க ஒரு ஆளு."

கல் வெட்டி வைத்தாயிற்று. கயிறு எங்கே?