தேவதை இறங்கும் பாறை

பத்துமலையின் 272 படிகளையும் நிற்காமல் ஏறுவேன் என்று மார்தட்டும் அன்பர்கள் நம் தோட்டங்களில் நிறைய உண்டு. நானும் அப்படி மார்தட்டியவன்தான், வாசகர்களே! அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள சயான் தேசியப் பூங்காவில் அந்தப் பெருமையை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அது பாலைநிலம். வர்ஜின் என்னும் சிறிய ஆறு காலங்காலமாக அறுத்து, இருபுறமும் செம்பாறைச் சுவர்களை நிறுத்தியிருக்கிறது. டைனோசர்கள் வாழ்ந்த காலத்து மணல்மேடுகள்தாம் இறுகி இப்பாறைகளாயின. அவற்றில் ஒன்று ‘ஏஞ்சல்ஸ் லேண்டிங்’. 1916இல் அதைப் பார்த்த பாதிரியார் ஒருவர், தேவதைதான் இதன்மேல் இறங்க முடியும் என்றாராம். பத்தே ஆண்டில், 1926இல், மனிதன் பாதை வெட்டிவிட்டான்!

உயரம் பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 1,500 அடி. ஏறி இறங்க ஏறக்குறைய ஐந்தரை மைல்; நம் பேச்சில் ஐந்தரை கட்டை. கடைசி அரை மைலுக்கு 2022 ஏப்ரல் முதல் குலுக்கலில் அனுமதிச் சீட்டு விழ வேண்டும். மகள் விண்ணப்பித்தாள், விழுந்தது. மகள், மருமகன், அவர்கள் நண்பர் இருவர், நான், என் மச்சான் என ஆறு பேர் விடியற்காலையிலேயே புறப்பட்டோம். மச்சான் முப்பது வருடம் மலைக்காட்டில் பால் வெட்டியவர். அவரைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை: வயது அறுபத்தாறு.

வெயில் ஏறுமுன் குளிர்ந்த ஓர் இடுக்கைக் கடந்தோம். பிறகு கல்லால் கட்டிய 21 கொண்டை ஊசி வளைவுகள். எனக்கு இரைத்தது. மச்சான் பெரட்டுக்குப் போகிறவர்போல் ஒரே சீராக நடந்தார். மேலே ‘ஸ்கவுட் லுக்அவுட்’ என்ற திட்டு. அங்குள்ள அணில்கள் பத்துமலைக் குரங்குகளுக்குத் தம்பிகள். பையைத் திறந்தால் போதும்!

அதற்கப்பால்தான் சங்கிலி. ஒடுங்கிய பாறை முதுகு. இருபக்கமும் பல நூறு அடிப் பள்ளம். விழுந்து இறந்தவர்கள் உண்டு. ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாருக்கும் அந்த ஒரே சங்கிலி. இருபது அடி போயிருப்பேன். கை சங்கிலியை விடவில்லை, கால் நகரவில்லை. பின்னால் வரிசை காத்து நின்றது. வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது.

“பிள்ளைகளா, நீங்க போங்க. மாப்ளயோட நான் இருக்கேன்” என்றார் மச்சான். என் பாதத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பின்வைத்து, திட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தார். உச்சிக்கு அவரால் போயிருக்க முடியும். போகச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன். “தண்ணி குடிங்க” என்று மட்டும் சொன்னார்.

இளையவர்கள் திரும்பும்வரை உட்கார்ந்திருந்தோம். பெரிய காண்டோர் கழுகொன்று இறக்கையில் எண் அட்டையுடன் எங்களுக்குக் கீழே வட்டமிட்டது. “பறவைக்கும் பேர் பதிவு இருக்கே!” என்று மச்சான் சிரித்தார்.

இறங்கும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தவர், “இருபதுதானே வருது?” என்றார். திரும்பிப் போய் எண்ணலாமா என்றும் கேட்டார்.