எல்லையோரத்து ஊரும் அதன் பந்தாட்டக் கழகமும்

இம்மாதம் உங்களை ஸ்காட்லாந்து தேசத்தின் தென்கோடிக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். இங்கிலாந்தின் கார்லைல் பட்டணத்தில் ரயிலேறி வடக்கே சுமார் பத்து மைல் சென்றால், சார்க் என்னும் சிற்றாறு குறுக்கிடும். அதுவே இரு தேசங்களுக்கும் எல்லை. அதைக் கடந்தவுடன் வருவது கிரெட்னா. அதன் ஜனத்தொகை ஏறத்தாழ 3,000.

இவ்வூரை ஒட்டிய கிரெட்னா கிரீன் என்னும் கிராமத்தின் பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1754-ல் இங்கிலாந்தில் ஒரு விவாகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வயது நிறையாதவர்கள் பெற்றோரின் சம்மதமின்றி மணம்புரிய அது இடமளிக்கவில்லை. ஸ்காட்லாந்திலோ இரு சாட்சிகளின் முன்னிலையில் வாக்குக் கொடுத்தாலே போதுமானதாயிருந்தது. ஆகவே வீட்டை விட்டு ஓடிவந்த ஜோடிகள் எல்லையைத் தாண்டியதும் எதிர்ப்படும் முதல் கிராமத்தில், கொல்லனின் பட்டறையில், பட்டடைக்கல்லின் முன் நின்று கணவன் மனைவியானார்கள். விவாகங்களை நடத்திவைக்கும் ஊழியத்தில் பல ஆண்டுகள் இருப்பவன் என்ற முறையில் இந்த அவசரத்தை நான் மெச்சமாட்டேன். ஆயினும் அவ்வூர் இன்றுவரை அதைக் கொண்டே பிழைக்கிறது.

கிரெட்னா நகரியம் உருவான கதை வேறு. முதல் உலக யுத்தத்தில் பீரங்கிக் குண்டுகளுக்கு வெடிமருந்து போதாமற்போனபோது, 1915-ல் பிரிட்டிஷ் அரசு இங்கே ஒன்பது மைல் நீளத்திற்கு ஒரு மாபெரும் தொழிற்சாலையைக் கட்டத் தொடங்கிற்று. அதில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். வெடிபருத்தியையும் நைட்ரோகிளிசரினையும் அவர்கள் வெறுங்கையால் பிசைவதைக் கண்ட எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில், அந்தக் கலவைக்குப் ‘பிசாசின் கஞ்சி’ என்று பெயரிட்டார். அவர்களுக்கும் கட்டுமானத் தொழிலாளருக்கும் குடியிருப்பாக எழுந்ததே இந்த நகரியம். கூலியைக் கையில் வாங்கியவர்கள் மதுக்கடைகளை நிரப்பவே, 1916-ல் அரசாங்கம் கார்லைல், கிரெட்னா வட்டார மதுக்கடைகளைத் தன் வசப்படுத்திக்கொண்டது. அந்த ஏற்பாடு 1970-களின் தொடக்கம் வரை நீடித்தது. நம் நாட்டில் சில மாநில அரசுகள் மது விற்பது வருவாய்க்காக. அங்கே அரசு கடையை எடுத்தது குடியைக் குறைப்பதற்காக என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படி வேலைக்காக வந்து குடியேறியவர்களின் ஊரில், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு ஆண்டு, 1946-ல், ஒரு கால்பந்தாட்டக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் மைதானத்தின் பெயர் ரேடேல் பார்க். வீடு ஸ்காட்லாந்தில், ஆடியதோ பெரும்பாலும் இங்கிலாந்தின் அணிகளுடன். கார்லைல் வட்டார லீக்கில் முப்பத்தைந்து ஆண்டுகள், பின்பு 1982 முதல் வட இங்கிலாந்து லீக்குகளில் இருபது ஆண்டுகள். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையிலும் 1991-லும் 1993-லும் முதல் சுற்று வரை எட்டியது. அக்கம்பக்கத்துப் பட்டணங்களே அதற்கு உறவு. கிளாஸ்கோவும் எடின்பரோவும் தூரத்து நகரங்கள்.

2002-ல் ஏர்ட்ரியோனியன்ஸ் என்ற பழைய கழகம் கடனில் மூழ்கி மறைந்தது. ஸ்காட்டிஷ் லீக்கில் அதனால் காலியான இடம் கிரெட்னாவுக்குக் கிடைத்தது. ஒரு கழகத்தின் மரணத்தினால் உள்ளே வந்தவர்கள் இவர்கள் என்பதை மறந்துவிடாதிருங்கள்.

அடுத்த ஆண்டிலேயே புரூக்ஸ் மைல்சன் என்னும் செல்வந்தர் கழகத்தைப் பொறுப்பேற்றார். சண்டர்லாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இனி நடக்கமாட்டான் என்று சொல்லப்பட்டவர். பிற்காலத்தில் நெடுந்தூர ஓட்டக்காரரானவர். காப்பீட்டுத் தொழிலில் பொருள் சேர்த்தார். கைவிடப்பட்ட மிருகங்களைத் தம் வீட்டுத் தோட்டத்தில் வைத்துப் பராமரித்தார். இப்படிப்பட்டவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கழகத்திற்குக் கொடுத்தார். கேட்டதற்கு மேலாகவும் கொடுத்தார்.

அந்தப் பணத்தால் நல்ல ஆட்டக்காரர்கள் வந்தார்கள். 2004-05 பருவத்தில் 36 ஆட்டங்களில் 130 கோல்கள், 98 புள்ளிகள். மூன்றாம் டிவிஷன் பட்டம். மறு பருவத்தில் இரண்டாம் டிவிஷன் பட்டம். அதே 2006-ல் ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதிப்போட்டிக்கும் நுழைந்தார்கள். மூன்றாம் படிநிலையிலிருந்து ஒரு கழகம் அவ்வளவு தூரம் சென்றது அதுவே முதன்முறை. மே 13-ந் தேதி, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் ஐம்பதாயிரத்திற்கும் அதிகமானோர் முன்னிலையில் எடின்பரோவின் ஹார்ட்ஸ் அணியை எதிர்கொண்டார்கள். ஹார்ட்ஸ் முந்தியது, மக்கஃபி சமன் செய்தார். கூடுதல் நேரத்திலும் முடிவு ஏற்படாமல், பெனால்டி உதைகளில் 4-2 என்று ஹார்ட்ஸ் வென்றது. கிரெட்னாவின் உதைகளில் காவின் ஸ்கெல்டன் என்பவர் அடித்தது கோல் கம்பத்தின் மேற்சட்டத்தில் பட்டுத் திரும்பிற்று. இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட்ஸ் லீக்கின் வழியாகவே சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குச் சென்றுவிட்டபடியால், தோற்ற கிரெட்னாவுக்கு யூஇஎஃப்ஏ கோப்பையில் ஆட இடம் கிடைத்தது. அயர்லாந்துத் தீவின் டெரி சிட்டி அவர்களை முதல் தடவையிலேயே வெளியேற்றியது. 2007 ஏப்ரலில், முதல் டிவிஷனின் கடைசி நாளில், ராஸ் கவுன்டி மைதானத்தில் 2-2 என்று நின்ற ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் ஜேம்ஸ் கிரேடி ஒரு கோல் அடித்தார். அந்த ஒரே கோலினால் சென்ட் ஜான்ஸ்டனை ஒரு புள்ளியில் முந்தி, கிரெட்னா பிரீமியர் லீக்கில் ஏறியது. மூன்று ஆண்டுகளில் மூன்று உயர்வுகள்!

வாசகரே, கணக்கைச் சற்றுப் பாருங்கள். 3,000 பேர் வசிக்கும் ஊர். பிரீமியர் லீக்கோ 6,000 இருக்கைகளுள்ள மைதானம் வேண்டும் என்றது. ரேடேல் பார்க் அதற்குப் போதவில்லை. ஆகவே சுமார் 75 மைல் தொலைவிலுள்ள மதர்வெல் கழகத்தின் ஃபர் பார்க் மைதானத்தை வாடகைக்கு எடுத்தார்கள். வாடகை வீடுகளில் காலம் கழித்த நம்மில் பலருக்கு இதன் பாரம் தெரியும். ஆனால் ‘சொந்த ஊர் ஆட்டத்தை’ 75 மைல் கடந்து சென்று பார்க்கும்படியான நிலை நமக்கும் புதிது. 2008 ஏப்ரலில் இன்வர்னஸ் அணியுடன் அங்கே நடந்த ஆட்டத்திற்கு வந்தவர்கள் 431 பேர். நுழைவுச்சீட்டுப் பணத்தில் நிற்கக்கூடிய கழகமாக அது இல்லை. ஒரு மனிதரின் காசோலையிலே நின்றது.

அந்த மனிதர் 2008 பிப்ரவரியில் கடும் வியாதிப்பட்டார். பணவரத்து நின்றது, சம்பளம் நின்றது. மார்ச்சில் கழகம் கடன்தீர்வு நிர்வாகியின் கைக்குச் சென்றது. தண்டனையாகப் பத்துப் புள்ளிகள் பறிக்கப்பட்டன. 13 புள்ளிகளுடன் கடைசி இடம். மே 13-ந் தேதி, இறுதிப்போட்டி நடந்து சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே ஹார்ட்ஸுடன் கடைசி ஆட்டம். கிரெட்னா 1-0 என்று வென்றது. கோல் அடித்தவர் ஸ்கெல்டன். அக்கழகத்தின் வரலாற்றில் அதுவே கடைசிக் கோல்.

ஜூனில் கழகம் லீக்கிலிருந்து விலகியது, பின்பு கலைக்கப்பட்டது. காலியான இடம் எட்டு மைல் தூரத்து அண்டை ஊரான ஆனனின் கழகத்திற்குச் சென்றது. மைல்சன் நவம்பரில் காலமானார்.

ரசிகர்கள் வீட்டில் அமர்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. அதே கோடையில் ‘கிரெட்னா 2008’ என்ற பெயரில் புதிய கழகத்தைத் தாங்களே தொடங்கினார்கள். செல்வந்தர் எவரும் இல்லை. உறுப்பினர்களின் சந்தா உண்டு. ஸ்காட்லாந்தின் கிழக்கு வட்டார லீக்கின் அடிப்படியில் சேர்ந்தார்கள். சொந்த மைதானம் கையில் இல்லாததால் முதலில் ஆனன் ஊரின் ஒரு திடலில் ஆடினார்கள். 2010-ல் ரேடேல் பார்க்குக்குத் திரும்பினார்கள். 2013-ல் லோலேண்ட் லீக் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் பருவத்து அணிகளுள் ஒன்றாகக் கிரெட்னாவும் களமிறங்கியது.