லீவு இருந்தும் வராத பிள்ளை

போன டிசம்பர் பாடசாலை விடுமுறையில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கலியாணம். மணமகளின் ஒரே காக்கா அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில் ஒரு தனியார் கம்பனியின் களஞ்சியத்தில் கணக்கு வேலை செய்கிறார். அவர் வரவில்லை. நிக்காஹ்வை வட்ஸ்அப் வீடியோவில் பார்த்தார்.

எங்கள் வீட்டில் இருவருமே ஆசிரியர்கள். அந்தப் பிள்ளைக்கு ஒருவர் கணிதம் படிப்பித்தோம், மற்றவர் தமிழ் படிப்பித்தோம். அந்த உரிமையில் அவரது உம்மா எங்களிடம் வந்து கண் கலங்கினார்.

"லீவு இரிக்காம் சேர். ஆனா எடுக்க ஏலாதாம். இது என்ன கதை? இரிக்கிற லீவ எடுத்தா என்ன?"

எங்களுக்கும் பதில் தெரியவில்லை. சஹனைச் சுற்றி இருந்தவர்கள் "காசு ருசி பட்டா அப்படித்தான்" என்று சொன்னபோது நாங்களும் தலையாட்டினோம். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இன்று இதை எழுதுகிறோம்.

இரண்டு கிழமை கழித்து ஓர் இரவு அவரே கோல் எடுத்தார். நாங்கள் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசினோம். அவர் வாதாடவில்லை. தன் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார்.

அதில் லீவு நாள் கணக்கில் இல்லை, மணித்தியாலக் கணக்கில் இருந்தது. வருஷத்துக்கு 10 நாள், அதாவது 80 மணித்தியாலம். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை சம்பளம் வரும்போது மூன்று மணித்தியாலம் சொச்சம் சேருகிறது. ஜனவரியில் கையில் ஒன்றும் இருக்காது. வேலை செய்யச் செய்யத்தான் லீவு ஊறும். சுகயீன லீவு, சொந்த லீவு என்று பிரிவும் இல்லை, எல்லாம் ஒரே உண்டியல்.

அந்த 10 நாளில் இரண்டு பெருநாளுக்கும் இரண்டு நாள் போனது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள். மிச்சம் ஐந்து. இங்கே வந்து போவதற்கான பயணமே நான்கு நாளை விழுங்கிவிடும்.

"சரி மகன், அந்த அஞ்சு நாளையாவது எடுத்து வந்திருக்கலாமே?" என்று கேட்டோம். டிசம்பர்தான் களஞ்சியத்தில் வேலை உச்சத்தில் இருக்கும் மாதம் என்றார். மேலதிகாரி 'இல்லை' என்று சொல்லவில்லையாம். "உன் இஷ்டம், ஆனா உன் வேலையை யார் பார்ப்பது?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்குப் பிறகு யார் எடுப்பார்?

அந்த ஐந்து நாளும் டிசம்பர் 31 இரவோடு காலாவதியாகிப் போயின. அந்தக் கம்பனியில் வருஷம் முடிந்தால் லீவும் முடிந்தது. முதல் வருஷமும் நான்கு நாள் அப்படித்தான் போனதாம்.

இதைக் கேட்டபிறகு நாங்கள் கொஞ்சம் தேடிப் படித்தோம். படித்ததில் பலது எங்களுக்குப் புதிது.

அமெரிக்காவில் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் கிடையாது. 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழில் தராதரச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளம் சொல்கிறது, மேலதிக நேரக் கொடுப்பனவு சொல்கிறது. ஆனால் வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்லவில்லை. வருடாந்த லீவு, பொது விடுமுறை, மையித்து வீட்டு லீவு எல்லாமே முதலாளியும் தொழிலாளியும் பேசிக்கொள்ளும் விஷயம். 1993இல் வந்த குடும்ப, மருத்துவ லீவுச் சட்டம் தகுதியுள்ளவர்களுக்கு 12 கிழமை தருகிறது. ஆனால் அது சம்பளமில்லாத லீவு.

அதே காலத்தில் உலகம் வேறு பக்கம் போனது. 1936இல் பிரான்ஸ் தொழிலாளர்களுக்கு இரண்டு கிழமை சம்பள லீவைச் சட்டமாக்கியது. அதே வருஷம் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் சம்பள விடுமுறைக்கு ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இன்று ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் குறைந்தது நான்கு கிழமை கட்டாயம். நமது நாட்டில்கூட 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வருஷத்துக்கு 14 நாள் உண்டு. (அது எட்டாத கூலித் தொழிலாளர்கள் நம் ஊரில் நிறையப் பேர் என்பதையும் மறக்கவில்லை.)

இத்தனைக்கும் 1910இலேயே அமெரிக்க ஜனாதிபதி தாஃப்ட், மனிதனுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் ஓய்வு வேண்டும் என்று பேசியிருக்கிறார். நூறு வருஷம் தாண்டியும் நாடு முழுவதற்கும் ஒரு நாள்கூடச் சட்டமாகவில்லை.

அதற்காக அங்கே யாருக்கும் லீவு இல்லை என்று அர்த்தமில்லை. தனியார் துறையில் ஐந்து பேரில் நான்கு பேருக்குக் கம்பனிகள் தாமாகவே சம்பள லீவு கொடுக்கின்றன. ஆனால் அடிமட்டச் சம்பளம் எடுக்கும் பத்தில் ஒரு பங்கினரைப் பார்த்தால், அவர்களில் பாதிப் பேருக்குக்கூட இல்லை. ஓய்வு அதிகம் தேவைப்படுபவருக்குத்தான் ஓய்வு குறைவு.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு கணக்கு. 2023இல் பியூ ஆய்வு நிலையம் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், சம்பள லீவு உள்ளவர்களில் 46 சதவீதமானோர் கிடைப்பதைவிடக் குறைவாகவே எடுப்பதாகச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டால், பாதிப் பேர் 'தேவைப்படவில்லை' என்றார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். கிட்டத்தட்ட அதேயளவு பேர் 'திரும்பி வரும்போது வேலை குவிந்திருக்கும்' என்றார்கள். 43 சதவீதமானோர் 'என் வேலை சக ஊழியர் தலையில் விழுமே' என்று சங்கடப்பட்டார்கள். 16 சதவீதமானோர் 'வேலையே போய்விடுமோ' என்று பயந்தார்கள். 'லீவு எடுப்பதை மேலதிகாரி ஊக்குவிப்பதில்லை, தடுக்கப் பார்க்கிறார்' என்றவர்கள் 12 சதவீதம் மட்டுமே.

அதாவது வாசலில் காவல்காரன் நின்று மறிப்பது குறைவு. உள்ளே இருப்பவர் தானாகவே வெளியே போகத் தயங்குகிறார். சட்டம் தராத லீவு சலுகையாகத்தான் கைக்கு வருகிறது. சலுகையை யாரும் உரிமையோடு செலவழிப்பதில்லை.

சில கம்பனிகள் 'எல்லையில்லாத லீவு' என்று ஒன்றைக் கொடுக்கின்றன. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் கணக்கில் நாள் சேராததால், விலகும்போது எடுக்காத லீவுக்குக் காசு கேட்கவும் பொதுவாக வழியில்லை. எவ்வளவு எடுத்தால் சரி என்பதும் யாருக்கும் தெரியாது.

மாற்றம் இல்லாமலும் இல்லை. கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1982இலேயே, உழைத்துச் சேர்த்த லீவு சம்பளத்துக்குச் சமம், அதைப் பறிக்க முடியாது என்று தீர்த்தது. அங்கே வருஷக் கடைசியில் லீவு காலாவதியாகாது. இலினோய்ஸ் மாநிலத்தில் 2024 ஜனவரி முதல், 40 மணித்தியாலம் வேலைக்கு ஒரு மணித்தியாலம் என்ற கணக்கில் வருஷத்துக்கு 40 மணித்தியாலம் வரை சம்பள லீவு சேருகிறது. காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. எங்கள் பிள்ளை இருப்பது டெக்சஸில். அங்கே அப்படி ஒன்றும் இல்லை.

அதே இலினோய்ஸில் நடந்த ஒரு விஷயத்தை ஆசிரியர்களான எங்களால் மறக்க முடியவில்லை. 2008இல் சிகாகோவுக்கு அருகே ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்த முஸ்லிம் ஆசிரியை ஒருவர், ஹஜ்ஜுக்காக ஏறக்குறைய மூன்று கிழமை லீவு கேட்டார். அதுவும் சம்பளமில்லாமல். மறுத்துவிட்டார்கள். அவர் வேலையை விட்டுவிட்டு ஹஜ்ஜுக்குப் போனார். பின்னர் அமெரிக்க நீதித் திணைக்களமே அவருக்காக வழக்குப் போட்டு, 2011இல் 75,000 டொலருக்கு அது இணக்கமாக முடிந்தது. நியாயம் கிடைத்தது உண்மை. ஆனால் ஒரு லீவுக் கடிதத்துக்கு அவர் நடந்த தூரத்தைப் பாருங்கள்.

இங்கே நாங்கள் ஜும்ஆவுக்கு நேரம் கேட்டுக் கெஞ்சுவதில்லை. நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை உண்டு. இதெல்லாம் யாரோ முன்னே நின்று கேட்டு வாங்கித் தந்தவை. அனுபவிக்கிற எங்களுக்கு அது ஞாபகம் வருவதில்லை. இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறோம். 'நான் இந்த வருஷம் ஒரு லீவும் எடுக்கல்ல' என்று ஸ்டாஃப் ரூமில் பெருமை பேசுகிறவர்கள் நாங்களும்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்ட டீச்சரை அந்தப் பெருமை எப்படிக் குத்தியிருக்கும் என்று யோசித்ததில்லை.

அன்றைய கோலின் கடைசியில் நாங்கள் ஒன்று கேட்டோம். "கலியாணம் டிசம்பரில்தான். அதுக்கு முன்ன ஒரு தடவை வந்திருக்கலாமே? ஏன் அந்த அஞ்சு நாளைப் பிடிச்சு வெச்சிருந்தீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"வாப்பாக்கு நெஞ்சு வருத்தம்தானே சேர். ஏதும் நடந்தா ஓடி வர கையில நாலு நாள் இரிக்க வேணும் எண்டு ஒவ்வொரு வருசமும் வெச்சிரிக்கன். அல்லாஹ் காப்பாத்தினான், ஒண்டும் நடக்கல்ல. லீவு போயிட்டு."

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு நாங்கள் பக்கத்து வீட்டுக்குப் போனோம். சட்டம், சதவீதம் ஒன்றும் சொல்லவில்லை. இதை மட்டும் சொன்னோம். ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத என்னட்டச் சொல்லல்லையே அவன்" என்றார். பிறகு ஃபோனைத் தேடினார்.

வெளிநாட்டில் நம் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இந்த ஊரில் நிறைய. வராத பிள்ளையைப் பற்றிக் கலியாண வீட்டில் பேசுவதற்கு முன், அவர்கள் கையில் எத்தனை நாள் இருக்கிறது, அதை யாருக்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நாங்கள் கேட்கப் பிந்திவிட்டோம்.